லேண்ட்லார்ட்ஸ் கேம்: நூறு வயது தாண்டிய பலகை இன்று ஆடத் தகுமா?

பம்பாயையும் மெட்ராஸையும் விலைபேசி வாங்கும் 'பிசினஸ்' பலகை நம் வீடுகளில் பலருக்கும் பழக்கம். அதற்குத் தாய் அமெரிக்காவின் மோனோபோலி. மோனோபோலிக்கும் தாய் ஒன்று உண்டு. எலிசபெத் மேகி என்ற சுருக்கெழுத்தாளர் வடிவமைத்த லேண்ட்லார்ட்ஸ் கேம்தான் அது. 1903 மார்ச்சில் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எண் 748,626. அந்தக் காப்புரிமை காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வரைபடமும் விதிகளும் யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சிடக்கூடிய பொதுச்சொத்து. அப்படி அச்சிட்டு ஆடும் பதிப்பைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பொழுதுபோக்கு ஆட்டமாக எடுத்தால் முதல் இரண்டு சுற்று மந்தம். 1900-ஐ ஒட்டிய காலத்தில் பொருளியலாளர்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பதைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், இதைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜின் ஒற்றை வரிக் கொள்கையை 50 பக்கம் படித்தும் பிடிபடாத மாணவருக்கு, இந்தப் பலகையில் நான்காவது சுற்றில் கைக்காசு கரையும்போது பிடிபட்டுவிடும்.

கொள்கையைச் சுருக்கமாகச் சொன்னால்: நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை, அதன் அளவும் கூடப்போவதில்லை. ஊர் வளர, ரயில் வர, ஜனம் பெருக, நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றம் ஊராரின் உழைப்பால் வந்தது, அனுபவிப்பவரோ பட்டா வைத்திருப்பவர். ஆகவே மற்ற வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு நிலத்தின் வாரத்தை (வெறும் மண்ணுக்கான குத்தகையை) மட்டும் வரியாக வாங்கு என்றார் ஜார்ஜ். பொருளியலாளர் ரிகார்டோவின் வாரக் கோட்பாட்டிலிருந்து அவர் எடுத்த முடிவு இது. 1897-ல் நியூயார்க் மேயர் தேர்தல் பிரசாரத்தின் நடுவிலேயே அவர் இறந்துவிட்டார். இயக்கம் சாகவில்லை. மேகியின் தகப்பனாரும் அந்தக் கொள்கைக்காரர். மகளுக்கு ஜார்ஜின் எழுத்தை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். இன்றைய நிலம்பிடிக்கும் முறையையும் அதன் விளைவுகளையும் நடைமுறையில் காட்டுவதே ஆட்டத்தின் நோக்கம் என்று 1902-லேயே மேகி எழுதிவிட்டார்.

பலகை சதுரம். நான்கு மூலை, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைகளுக்கு நடுவே ஒன்பது கட்டம், மொத்தம் 40. ஒவ்வொரு ஒன்பதிலும் நடுக்கட்டம் ரயில். அதன் இருபுறமும் விலையும் குத்தகையும் குறித்த மனைகள், 'அத்தியாவசியம்' என்ற கட்டங்கள், விளக்கு, தண்ணீர் உரிமங்கள், ஆடம்பரம். மூலைகளில் சிறை, பொதுப்பூங்காவும் ஏழையர் விடுதியும், 'உள்ளே நுழையாதே' என்ற அறிவிப்போடு சிறைக்கு அனுப்பும் ஒரு எஸ்டேட், கடைசியாக 'பூமித்தாய்'. பூமித்தாயைக் கடக்கும்போதெல்லாம் ஆட்டக்காரருக்கு 100 டாலர் கூலி. ஒரு சுற்று முழுக்க மண்ணில் பாடுபட்டதற்கான சம்பளம் என்பது மேகியின் விளக்கம். மோனோபோலியில் 'கோ' கட்டத்தைத் தாண்டினால் காசு எதற்காகக் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அதற்குப் பெயர் இருக்கிறது: கூலி.

ஒவ்வொரு கட்டமும் ஒரு பொருளியல் வாதம். ரொட்டி, நிலக்கரி, துணி, இருப்பிடம் என்ற அத்தியாவசியக் கட்டத்தில் நின்றால் பொதுக் கருவூலத்துக்கு 5 டாலர் கட்ட வேண்டும். இது மறைமுக வரியைக் குறிக்கிறது என்று விதியே சொல்கிறது. விளக்கு உரிமக் கட்டத்தில் முதலில் வந்து நிற்பவர் தன் சாசனச் சீட்டை வைத்துவிடுகிறார். அதன்பின் அங்கு வருகிற எல்லோரும் அவருக்கு 5 டாலர் அழ வேண்டும். அவர் அதற்காக ஒரு காசுகூடச் செலவழித்ததில்லை. ஆட்டம் முடிந்து சொத்தைக் கணக்கிடும்போது அந்த உரிமத்துக்கு மதிப்பும் கிடையாது. முதலில் வந்தவருக்குக் கிடைத்த சலுகை, அவ்வளவுதான். ஆடம்பரக் கட்டத்தில் 50 டாலர் கொடுத்து வாங்கும் சீட்டு கடைசிக் கணக்கில் 60 ஆக எண்ணப்படும். கையில் காசு இருப்பவருக்கு மட்டுமே இந்த 10 டாலர் லாபம் எட்டும்.

கையில் காசும் இல்லை, கடன் வாங்க ஈடு வைக்கச் சொத்தும் இல்லை என்றால் ஏழையர் விடுதி. மோனோபோலிபோல எல்லோரையும் திவாலாக்கி ஒருவர் மிஞ்சும்வரை ஆட வேண்டியதில்லை. முன்கூட்டியே பேசிய சுற்றுகள் முடிந்ததும் அதிகச் செல்வம் வைத்திருப்பவர் ஜெயித்தார். நேரம் கைக்குள் நிற்பது பெரிய வசதி. விதிகளில் சொல்லாத சிக்கல் வந்தால் ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். விதிக்குக் கட்டுப்பட மறுப்பவர் சிறைக்குப் போய், இரட்டை விழும்வரையோ அபராதம் கட்டும்வரையோ அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பிள்ளைகளோடு ஆடுபவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

இனி அச்சிடும் வேலை. காப்புரிமைத் தாளில் இருப்பது வெறும் கோட்டுச் சித்திரம். அப்படியே பெரிதாக்கினால் எழுத்து பிசிறடிக்கும். கட்டங்களை நாமே புதிதாக வரைந்து எழுதிக்கொள்வது நல்லது. 40 செ.மீ. சதுரம் வசதியான அளவு. மூலைகள் 6.5 செ.மீ., இடையிலுள்ள ஒன்பது கட்டங்கள் ஒவ்வொன்றும் 3 செ.மீ. அகலம் (6.5 + 27 + 6.5). ஜெராக்ஸ் கடையில் ஏ2 இல்லையென்றால் இரண்டு ஏ3 தாளை ஒட்டலாம். ஆனால் சரிபாதியில், 20 செ.மீ.யில் வெட்டக் கூடாது. அங்கே வெட்டினால் ஒட்டு சரியாக ரயில் கட்டத்தின் நடுவில் விழும். காய் நிற்கும் இடம் தூக்கிக்கொள்ளும், எழுத்தும் இரண்டாகும். 21.5 செ.மீ.யில் வெட்டினால் ஐந்தாம் கட்டமும் ஆறாம் கட்டமும் சேரும் கோட்டில் ஒட்டு ஒளிந்துவிடும். ஒட்டியபின் லேமினேஷன் செய்தால் மடிக்க முடியாது. ஒட்டும் கோட்டில் பின்பக்கம் துணி டேப் போட்டு மடித்து வைப்பதே உத்தமம்.

நான்கு பேர் ஆட நோட்டு: 100 டாலர் 20, 50 டாலர் 20, 10 டாலர் 60, 5 டாலர் 80, 1 டாலர் 60. மொத்தம் 4,060. ஐந்து டாலர் நோட்டு ஏன் இவ்வளவு? அத்தியாவசியம், ரயில், உரிமம் எல்லாமே 5 டாலர் கணக்கில் ஓடுவதால் சில்லறைத் தட்டுப்பாடுதான் ஆட்டத்தை அதிகம் நிறுத்தும். பிசினஸ் பெட்டியில் உள்ள நோட்டுகளை எடுத்து ஆடினால் பெரிய நோட்டாகத்தான் இருக்கும், தடுமாறுவீர்கள்.

சீட்டுகளைத் தமிழில் எழுதுவோர் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். 'ரென்ட்' என்பதை 'வாடகை' என்று எழுதினால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். வாடகை என்றால் நமக்கு வீடு நினைவுக்கு வரும். வீட்டில் செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் அடக்கம். ஜார்ஜ் பேசுவது வெறும் மண்ணுக்கான பணத்தை. பாடப்புத்தகம் அதை 'வாரம்' என்கிறது, சரியான சொல். மேல்வாரம், குடிவாரம் என்று விளைச்சலை இரண்டாகப் பிரித்த பழைய வழக்கு நம் மண்ணுடையது. நாள் கணக்கு வாரத்தோடு குழம்பும் என்று நினைத்தால் 'குத்தகை' என்று போடுங்கள். 'வாடகை' வேண்டாம்.

இப்போது ஆட்டத்தின் மிகப் பெரிய கோளாறு. ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் 500 டாலர். நான்கு பேருக்கு 2,000. ஐந்து சுற்று ஆடுவதாக வையுங்கள்: நான்கு பேர், ஐந்து சுற்று, 100 டாலர் கூலி, மொத்தம் 2,000. அதாவது ஆட்டம் முழுக்க உழைத்துச் சம்பாதிக்கும் தொகையும், உட்காரும்போதே கையில் கொடுத்த தொகையும் சமம். இப்படிக் கைமுதல் நிறைந்திருக்கும்போது குத்தகை யாருக்கும் வலிக்காது. எல்லோரும் கொடுப்பார்கள், வாங்குவார்கள், சிரிப்பார்கள். மேகி காட்ட நினைத்தது கண்ணில் படாமலே ஆட்டம் முடிந்துவிடும். 'ஆடினோம், ஒன்றும் விளங்கவில்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். தீர்வு இரண்டு. சுற்றுகளை எட்டு, பத்து என்று கூட்டலாம். அல்லது தொடக்கப் பணத்தை 200 ஆகக் குறைக்கலாம். அப்போது 800-க்கு எதிரே 2,000, கூலியே பிரதான வருமானம். நேரம் குறைவாக இருக்கும் வகுப்பறைக்கு இரண்டாவது வழிதான் சரி.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இரண்டு பகடைக்குச் சராசரி 7. 40 கட்டத்தைச் சுற்ற ஏறத்தாழ 5.7 வீச்சு. ரயில் கட்டம் 40-ல் 4. ஆக ஒரு சுற்றுக்கு ஒருவர் ரயிலில் நிற்பது சராசரி 0.57 தடவை, போவது 3 டாலருக்கும் குறைவு. 100 டாலர் கூலியில் அது தூசு. ரயில் கம்பெனிகளைத் திட்டுவதுதான் அன்றைய அமெரிக்க அரசியலின் வாடிக்கை. மேகியின் பலகையோ கைக்காசைக் கரைக்கும் வேலையை மனைகளிடம் விட்டுவைத்திருக்கிறது. இது வெறும் பலகை வடிவமைப்பு அன்று, ஜார்ஜின் வாதமே இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு பத்தி: வாங்கிய கூலி, கொடுத்த குத்தகை, வாங்கிய குத்தகை, கருவூலத்துக்குப் போனது. பூமித்தாயைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வரி எழுத வேண்டும். இந்தப் பேரேடு இல்லாமல் ஆடினால் ஜெயித்தவர் சாமர்த்தியசாலி என்ற நினைப்புதான் மிஞ்சும். எழுதினால், அவருக்கும் தோற்றவருக்கும் கூலிப் பத்தியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும், வித்தியாசம் மூன்றாவது பத்தியில் குவிந்திருப்பதும் தெரியும். பணப்பெட்டியையும் பொதுக் கருவூலத்தையும் இரண்டு தனித்தனி டப்பாவில் வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் வரி எங்கே போனது என்ற கேள்வியையே கேட்க முடியாமல் போகும்.

அடுத்தது ஒற்றை வரி விதி. இணையத்தில் பலர் 1904 காப்புரிமையிலேயே இரண்டு விதித் தொகுதி இருப்பதாக எழுதுகிறார்கள். அதில் ஒற்றை வரி விதி இல்லை. 1906-ல் நியூயார்க்கின் எகனாமிக் கேம் கம்பெனி வெளியிட்ட பெட்டியின் விதிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் அந்தப் பாதி கிடைக்கும். அதன்படி ஆட்டக்காரர்கள் ஒற்றை வரிக்கு மாறலாம். மாறியபின் குத்தகை நிலக்காரர் கைக்குப் போகாது, கருவூலத்துக்குப் போகும். கருவூலம் நிறைய நிறைய, விளக்கு, ரயில் போன்றவை பொதுவாகி இலவசமாகும். 1932 பதிப்பில் இந்தப் பாதிக்குப் பெயர் 'பிராஸ்பெரிட்டி'. குறைந்த பணத்தோடு இருப்பவர் தன் முதலை இரட்டிப்பாக்கும்போது எல்லோரும் ஜெயித்ததாகக் கணக்கு.

இந்த மாற்றத்தை எப்போது செய்வது என்பதில்தான் சூட்சுமம். முதல் சுற்றிலேயே மாறினால் எந்த வாதமும் எழாது, ஆட்டம் சப்பென்று போகும். மனைகளில் முக்கால்வாசி விற்றபின் வாக்கெடுப்பு வையுங்கள். மேசை சூடாகும். 'நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?' என்று நிலக்காரர் கேட்பார். அது நியாயமான கேள்வி, அந்தக் காலத்துப் பேராசிரியர்களும் அதையேதான் கேட்டார்கள். ஆண்டுக்கு 5 டாலர் வாரம் தரும் மனை, வட்டி 5 சதவீதம் என்றால் 100 டாலருக்கு விலைபோகும். வாரம் முழுவதையும் வரியாக எடுத்தால் விலை பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நேற்று 100 கொடுத்து வாங்கியவருக்கு நஷ்டஈடு உண்டா? ஜார்ஜ் கிடையாது என்றார். ஜான் ஸ்டூவர்ட் மில், இனிமேல் ஏறும் மதிப்பை மட்டும் தொடலாம் என்ற பக்கம் நின்றார். இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மார்ஷல் 1880-களிலேயே ஜார்ஜோடு நேருக்கு நேர் மோதியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செலிக்மன் 1890-ல் சரடோகாவில் ஜார்ஜோடு வாதாடினார். ஜான் பேட்ஸ் கிளார்க் நிலத்தை மூலதனத்தின் ஒரு வகையாகவே பார்த்தார். அந்தப் பார்வையில் நிலத்துக்கு மட்டும் தனி வரி என்பதற்கே இடமில்லை. பலகையில் அச்சிட்ட மனைவிலை மாறுவதில்லை என்பதால் விலைச்சரிவை ஆட்டம் தானாகக் காட்டாது. வாக்கெடுப்புக்குப்பின் மனைகளை ஏலம் விடச் சொல்லுங்கள், எவரும் கைதூக்க மாட்டார்கள். அந்த மௌனம்தான் பாடம்.

இங்கே ஒரு துணைவிதியைச் சேர்த்துப் பார்க்கப் பரிந்துரைக்கலாம். 1909-ல் பிரிட்டனின் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டத்தில் நிலமதிப்பு ஏற்றத்துக்கு 20 சதவீத வரி இருந்தது. பிரபுக்கள் சபை அந்தத் திட்டத்தையே நிராகரித்து, பெரிய அரசியல் நெருக்கடி வெடித்து, 1910-ல்தான் சட்டமானது. அதை மேசைக்குக் கொண்டுவருவது எளிது: ஒருவர் மனையை இன்னொருவருக்கு விற்றால், அச்சிட்ட விலைக்கு மேல் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு கருவூலத்துக்கு. 60 டாலர் மனை 110-க்குப் போனால் ஏற்றம் 50, வரி 10. இரண்டு சுற்றுக்குள் என்ன நடக்கும் என்று கவனியுங்கள். சிலர் மனையை விற்பதையே நிறுத்துவார்கள். சிலர் தாளில் 60 என்று எழுதி மீதியை மேசைக்கடியில் கைமாற்றப் பார்ப்பார்கள். எந்த மனைக்கு என்ன மதிப்பு என்று தீர்மானிக்க ஒரு ஆள் தேவைப்படுவார். பிரிட்டனும் நாடு முழுக்க நிலத்தை மதிப்பிடப் பெரும் படையை இறக்கி, கடைசியில் 1920-ல் அந்த வரிகளைக் கைவிட்டது. மதிப்பீடுதான் நிலவரியின் குடுமி என்பது இந்தத் துணைவிதியில் கண்கூடாகத் தெரிகிறது.

கொள்கை அளவில் பலகையின் பெரிய குறை வேறொன்று. 1904 விதிகளில் மனைமேல் கட்டடம் கட்டும் ஏற்பாடு கிடையாது. ஜார்ஜின் மொத்த வாதமும் மண் வேறு, மண்மேல் மனிதன் எழுப்பியது வேறு என்ற பிரிவினைமேல் நிற்கிறது: மண்ணுக்கு வரி போடு, கட்டடத்தைத் தொடாதே. கட்டடமே இல்லாத பலகையில் அந்தப் பிரிவினை எப்படித் தெரியும்? மனைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பவராக மட்டுமே வருகிறார், கட்டிக்கொடுப்பவராக வருவதே இல்லை. ஜார்ஜை எதிர்த்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் ஒருதலைப்பட்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதில் தப்பில்லை. சரிசெய்ய வழி உண்டு. மனைச்சீட்டில் குத்தகையை மண், கட்டடம் என இரண்டு பகுதியாக எழுதுங்கள். 50 டாலர் செலவழித்து வீடு வைத்தால் கட்டடப் பகுதியில் 10 சேரட்டும். ஒற்றை வரி வந்தபின் மண்ணின் குத்தகை மட்டும் கருவூலத்துக்கு, கட்டடத்தின் குத்தகை வீடு கட்டியவருக்கே. இதைச் சேர்த்தபின் பாருங்கள்: வெறும் மனை வைத்திருப்பவர்கள் அதைக் கைவிடுவார்கள், வீடு கட்டியவர்கள் ஒற்றை வரிக்கு வாக்களிப்பார்கள். பிட்ஸ்பர்க் நகரம் 1913-ல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டட வரிவிகிதத்தை நிலத்தினுடையதில் பாதியாக இறக்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

பணத்தின் அளவிலும் ஓட்டை உண்டு. நான்கு பேர் ஆடினால் சுற்றுக்கு 400 டாலர் புதுப்பணம் மேசைக்கு வருகிறது. அச்சிட்ட விலைகள் அசையாமல் நிற்பதால், ஆட்டக்காரர்களுக்குள் நடக்கும் மறுவிற்பனை விலை மட்டும் தாறுமாறாக ஏறும். பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1911-ல் பணத்தின் அளவுக்கும் விலைக்குமான சமன்பாட்டை விளக்கியபோது சொன்னது இதுதான். வேண்டுமானால் இதற்கெனத் தனியாக ஒரு தடவை ஆடலாம். முதல் ஆட்டத்தில் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆட்கள் நான்கு முதல் ஆறு. இரண்டு பேர் ஆடினால் குத்தகை இவர் கையிலிருந்து அவர் கைக்கும், அவர் கையிலிருந்து இவர் கைக்கும் போய்வந்து ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஆறு பேர் என்றால் ஒருவர் கணக்கு மட்டும் பார்க்கட்டும். முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெட்டியாக விலைக்கு வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: தேவையில்லை. பார்க்கர் பிரதர்ஸ் 1935-ல் மேகியிடமிருந்து அவருடைய 1924 காப்புரிமையை 500 டாலருக்கு, ராயல்டி எதுவும் இல்லாமல் வாங்கியது. மோனோபோலி வேறொருவர் பெயரில் உலகெங்கும் விற்றது. 1939-ல் லேண்ட்லார்ட்ஸ் கேமையும் அதே நிறுவனம் வெளியிட்டது. அது சரியாக விலைபோகவில்லை. அந்தப் பழைய பெட்டி சேகரிப்பாளர்களுக்கான பொருள். ஆடுவதற்கு இரண்டு ஏ3 தாள், ஒரு ஜோடி பகடை, இரண்டு டப்பா, ஒரு 40 பக்க நோட்டு போதும். நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு பத்தியைக் கோடு போட்டுவிட்டு உட்காருங்கள்.